‘புதிய விண்டோஸில் வேலை செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடும் முன்: கணினிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதிய இயங்குதளத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள், பள்ளிகள், நூலகங்களின் கணினிப் பொறுப்பாளர்களுக்கும், கழிவுப் பட்டியலில் கடைசிக் கையெழுத்துப் போடும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டிக் கணினிகள் மாறுகின்றன. அவற்றோடு இத்தனை காலம் ஒட்டியிருந்த பிரிண்டர், ஸ்கேனர், பார்கோடு கருவி, எடை இயந்திரம் எல்லாம் கழிவுப் பட்டியலுக்குப் போகின்றன. பட்டியலின் ‘காரணம்’ கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே வரி: “புதிய விண்டோஸில் வேலை செய்யவில்லை.”

அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறோம். ‘காய்ச்சல்’ என்று மட்டும் சீட்டில் எழுதி நோயாளியை அனுப்பிவிடுவதைப் போன்றது அது. ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு படி கீழே இறங்கிக் கேட்டால் ஆறேழு விடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சிலவற்றுக்கு மருந்தே தேவையில்லை, கேபிளை மாற்றிச் செருகினால் போதும். இத்தகைய கருவிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். நல்ல மோட்டாரும் நல்ல கண்ணாடியும் உள்ள ஸ்கேனர், டிரைவர் (கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்) இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நொறுக்கப்படுவதை ஏற்க முடியாமல்தான் இதை எழுதுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முந்திய அவசரம் ஒன்று உண்டு. பழைய கணினிகளின் ஹார்டு டிஸ்க்கை இன்னும் அழிக்கவில்லை என்றால் தயவுசெய்து இன்றைக்கு அழிக்காதீர்கள். தயாரிப்பாளர் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்ட டிரைவர், அந்தக் கணினிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 10-இல் கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘பிஎன்பியூட்டில்’ கட்டளையை ‘எக்ஸ்போர்ட்-டிரைவர்’ என்ற தெரிவோடு, நட்சத்திரக் குறி இட்டு, ஒரு காலி ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து இயக்குங்கள். வெளியிலிருந்து நிறுவப்பட்ட எல்லா டிரைவர்களும் ஆளுக்கொரு துணை ஃபோல்டராக வந்து விழும். விண்டோஸ் 7-இல் இந்தத் தெரிவு கிடையாது. அங்கே சிஸ்டம்32-க்குள் இருக்கும் ‘டிரைவர்ஸ்டோர்’, அதற்குள் ‘ஃபைல்ரெபாசிட்டரி’ என்ற ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர்களுக்கு இது மட்டும் போதாது. ஸ்கேன் செய்யும் சன்னலும் அதன் மென்பொருளும் இப்படி ஏற்றுமதியாவதில்லை. நிறுவல் சிடியோ பதிவிறக்கிய நிறுவல் கோப்போ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

அதே கணினியில் இன்னொன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: அது 32 பிட் விண்டோஸா, 64 பிட்டா? செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இருக்கும். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்தது. விண்டோஸ் 11-க்குக் கிடையாது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றவே ஏற்றாது. பழைய கணினி 32 பிட் என்றால் அங்கிருந்து எடுத்த டிரைவர் புதியதில் பயன்படாது. அதே கருவிக்கான 64 பிட் டிரைவரைத் தேட வேண்டும். “போன வாரம் வரை ஓடியதே, அதே சிடிதானே” என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் வேர். நிறுவல் கோப்பில் வலது கிளிக் செய்து ‘கம்பாட்டிபிலிட்டி மோடு’ போட்டுப் பார்ப்பதும் இங்கே உதவாது. அது நிறுவல் நிரலிடம் விண்டோஸின் பதிப்பு எண்ணை மாற்றிச் சொல்லும், அவ்வளவே. நிறுவல் நிரலே “இந்தப் பதிப்புக்கு ஆதரவில்லை” என்று மறுக்கும்போது மட்டும் அது பலன் தரும்; உள்ளே இருக்கும் டிரைவரின் தன்மையை அது மாற்றாது.

இனிக் கருவியை இனங்காண்பது. மேலட்டையில் அச்சிட்ட மாடல் பெயரை நம்பித் தேடாதீர்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சிப்போடு கருவிகள் வந்திருக்கின்றன. செருகியபின், இணைத்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் சன்னலைத் திறந்து, கருவியின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டீடெயில்ஸ்’ தாவலில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி என்பதற்குப் பின்வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரையும், பிஐடி என்பதற்குப் பின்வரும் நான்கு குறிகள் கருவியையும் காட்டும். 03எஃப்0 என்றால் எச்பி, 04ஏ9 என்றால் கேனான், 04பி8 என்றால் எப்சன், 067பி என்றால் ப்ரோலிஃபிக், 0403 என்றால் எஃப்டிடிஐ, 1ஏ86 என்றால் சிஎச்340 வகைச் சிப். இந்த எட்டுக் குறிகளை வைத்துத் தேடினால் சரியான டிரைவர் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே கிடைக்கும். தேடும்போது ‘எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும்’ என்று அழைக்கும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். எங்கிருந்து இறக்கினாலும் நிறுவும் முன் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ தாவலைத் திறந்து, கையொப்பம் தயாரிப்பாளருடையதா அல்லது மைக்ரோசாஃப்ட்டுடையதா என்று பாருங்கள். தாவலே இல்லையென்றால் அந்தக் கோப்பை விட்டுவிடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டும் கருவியின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், ‘ஜெனரல்’ தாவலில் ஓர் எண் இருக்கும். பட்டியலின் ‘காரணம்’ கட்டத்தில் எழுத வேண்டியது அந்த எண்தான். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கருவியைத் தொடங்க முடியவில்லை. கோட் 39 என்றால் டிரைவரை ஏற்ற முடியவில்லை. கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. கோட் 43 என்றால் கருவியே கோளாறைத் தெரிவித்து நின்றுவிட்டது. இதற்கு இயங்குதளத்தைக் குறை சொல்லும் முன் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள்.

கோட் 52 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தவறான வைத்தியம் அதிகம் நடக்கிறது. விஸ்டா காலத்திலிருந்தே 64 பிட் விண்டோஸ் கையொப்பமில்லாத கெர்னல் டிரைவரை (இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள் ஓடும் டிரைவர்) ஏற்பதில்லை. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து, செக்யூர் பூட் (கணினி எழும்போதே கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு) இயங்கும் புதிய நிறுவலில், புதிதாக வரும் கெர்னல் டிரைவருக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பமே வேண்டும். 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கிய சான்றிதழால் கையொப்பமிட்ட பழைய டிரைவர்களுக்கு விலக்கு உண்டு. பழைய டிரைவர் பலவும் இன்னும் ஏறுவது அந்த விலக்கினால்தான். சிலர் டிரைவரின் நிறுவல் விவரங்கள் உள்ள ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து புதிய பதிப்பின் எண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள். ஐஎன்எஃப்-இல் ஒரு புள்ளி மாறினாலும் பக்கத்தில் இருக்கும் கேட்டலாக் கோப்பின் கையொப்பம் பொருந்தாது. நன்றாக இருந்த டிரைவர் உடனே கையொப்பமற்றதாகிவிடும். தொடக்கத் திரையில் 7-ஆம் தெரிவை அழுத்திக் கையொப்பச் சோதனையை நிறுத்துவதும் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே. மறுமுறை கணினி எழும்போது கருவி மறுபடி செத்திருக்கும். சோதிக்க இது பயன்படலாம். அலுவலகக் கணினியில் நிரந்தர ஏற்பாடாக வைக்கக் கூடாது.

கோட் 39-க்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் ‘மெமரி இன்டெக்ரிட்டி’. விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போனால் இருக்கும். விண்டோஸ் 11 புதிதாக நிறுவிய கணினிகளில் இது பொதுவாக இயங்கியபடியே வருகிறது. பழைய பாணியில் நினைவகத்தைக் கையாளும் டிரைவர்களைத் தடுத்துவிடும். பொருந்தாத டிரைவர்களின் கோப்புப் பெயரை அந்தப் பக்கமே பட்டியலிடும். அதை அணைத்து, மறுதொடக்கம் செய்து, கருவி ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஓடினால் நோய் தெரிந்துவிட்டது. உடனே திரும்ப இயக்கிவிட்டு, அதே சிப்புக்குப் பிந்தைய டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து வருடப் பழைய கருவி ஒன்றுக்காகக் கணினி முழுவதன் பாதுகாப்பை அவிழ்த்து வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பிரிண்டர்களுக்கு வருவோம். மீட்கக்கூடியவை இங்கேதான் அதிகம், அநியாயமாகக் கழிக்கப்படுபவையும் இங்கேதான் அதிகம். முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். பிரிண்டர் வலைப்பின்னலில் இருந்தால், எந்தச் செயலியும் நிறுவாமல் ஒரு ஐபோனிலிருந்து அச்சிட்டுப் பாருங்கள். டிரைவர் இல்லாமல் ஐபோனிலிருந்து அச்சிட உதவும் ஏர்பிரிண்ட் வசதி 2010-இல் வந்தது. அதற்குப் பிந்திய வலைப்பின்னல் பிரிண்டர்களில் பல அதையும் அதன் அடியில் இருக்கும் ஐபிபி என்ற அச்சு நெறிமுறையையும் பேசும். போனிலிருந்து அச்சு வந்தால், விண்டோஸ் 11-இலும் தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாமல் ‘ஐபிபி கிளாஸ் டிரைவர்’ கொண்டு அச்சிட முடியும் என்று பெரும்பாலும் நம்பலாம். வராவிட்டால், பிரிண்டரின் ஐபி எண்ணை பிரௌசரில் தட்டி அதன் அமைப்புப் பக்கத்தில் ஐபிபி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சில பழைய பிரிண்டர்களின் பக்கம் திறக்காது, காரணம் அவை டிஎல்எஸ் 1.0 என்ற பழைய குறியாக்க முறையை மட்டும் பேசுபவை. பிரௌசர்கள் அதை 2020 வாக்கில் கைவிட்டன. முகவரியில் எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பதில் எச்டிடிபி என்று தட்டிப் பாருங்கள்.

ஐபிபி இல்லாத பிரிண்டருக்கு அடுத்த கேள்வி, அது எந்த மொழியைப் புரிந்துகொள்ளும் என்பது. பிசிஎல் 5, பிசிஎல் 6, போஸ்ட்ஸ்கிரிப்ட் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அதற்குச் சாவே இல்லை. பிரிண்டரின் சோதனைப் பக்கத்தை அச்சிட்டால் அதில் மொழிகளின் பெயர் இருக்கும். தயாரிப்பாளரின் பொது டிரைவரை நிறுவுங்கள். மாடல் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதே மொழி பேசும் பக்கத்து மாடலின் டிரைவர் அச்சிட்டுவிடும். தட்டு எண்ணும் இருபக்க அச்சும் மட்டும் கையால் அமைக்க வேண்டியிருக்கலாம்.

போர்ட் அமைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தால் ‘டபிள்யூஎஸ்டி’ போர்ட்டை அமைத்துவிடும். காலையில் அச்சிட்ட பிரிண்டர் மதியம் ‘ஆஃப்லைன்’ என்று நிற்பது பல நேரம் இதனால்தான். பிரிண்டருக்கு ரவுட்டரில் நிலையான ஐபி ஒதுக்குங்கள். பிறகு ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்’ உருவாக்கி, ‘ரா’ முறையில் 9100 எண்ணைக் கொடுங்கள். அதே சன்னலில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ (பிரிண்டரின் நிலையை வினவும் வசதி) என்ற பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய பிரிண்டர் அந்த வினவலுக்குப் பதில் சொல்லாது; பதில் வராததை விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று எடுத்துக்கொள்ளும். எத்தனையோ பிரிண்டர்கள் இந்த ஒரு குறியால் குப்பைக்குப் போகின்றன.

இன்னொரு கணினி வழியாகப் பகிர்ந்த பிரிண்டர்கள் நின்றதற்குக் காரணம் வேறு. 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. அதன்பின், ஆகஸ்ட் மாதப் புதுப்பிப்பிலிருந்து, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை தேவை. ஊழியரின் கணக்கில் “இணைக்க முடியவில்லை” என்று வந்தால், நிர்வாகி ஒருமுறை வந்து அந்தக் கணினியில் டிரைவரை முன்கூட்டி நிறுவினால் தீர்ந்தது. பதிவேட்டில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும், பின்பற்றாதீர்கள். பிரிண்டருக்கு வலைப்பின்னல் போர்ட் இருந்தால் நடுவில் இருக்கும் கணினியையே விலக்கிவிட்டு நேராக இணைப்பது இன்னும் நல்லது.

மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்த திட்டத்தின் கால அட்டவணையையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2026 ஜனவரி 15-க்குப் பிறகு பிற நிறுவனங்களின் புதிய பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே வெளியிடுவதில்லை. 2026 ஜூலை 1 முதல் தேர்வு வரிசையில் ஐபிபி கிளாஸ் டிரைவருக்கு முன்னுரிமை. 2027 ஜூலை 1-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் என்பது அதன் சாரம். இதைப் ‘பழைய பிரிண்டர் இனி ஓடாது’ என்று சிலர் படிக்கிறார்கள். தவறு. தயாரிப்பாளரின் நிறுவல் கோப்பைக் கொண்டு நிறுவும் வழி அந்த அறிவிப்பால் மூடப்படவில்லை. கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஆகவேதான் மேலே டிரைவரை ஏற்றுமதி செய்யச் சொன்னோம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ‘விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோடு’ என்றொரு விருப்பமும் வந்திருக்கிறது. யாராவது அதை இயக்கியிருந்தால் பிற நிறுவன டிரைவர்கள் எல்லாம் விலகிவிடும். பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மொழி எதுவும் தெரியாத பிரிண்டர்களும் உண்டு. பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிட்டுத் தயாரிப்பாளரின் சொந்த வடிவத்தை மட்டும் ஏற்பவை அவை. எச்பி லேசர்ஜெட் 1018, 1020 இந்த வகை. ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் அவற்றுக்கு ஃபர்ம்வேரையும் (பிரிண்டருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) கணினிதான் ஊட்ட வேண்டும். கேனானின் கேப்ட் முறையில் இயங்கும் எல்பிபி2900-உம் இதே குடும்பம். விண்டோஸில் டிரைவர் கிடைக்காமலோ தகராறு செய்தாலோ, இவற்றுக்கு நாங்கள் விரும்பும் தீர்வு சிறு லினக்ஸ் கணினி ஒன்றை நடுவில் வைப்பது. கழிக்கப்போகும் பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும். டெபியன் என்ற லினக்ஸை நிறுவி, கப்ஸ் (அச்சுச் சேவை), அவாஹி (வலைப்பின்னலில் பிரிண்டரை அறிவிப்பது), எச்பிஎல்ஐபி அல்லது ஃபூ2இசட்ஜேஎஸ் (எச்பி பிரிண்டர்களின் டிரைவர்) தொகுப்புகளைச் சேர்த்து, உங்கள் பயனர் பெயரை ‘எல்பிஅட்மின்’ குழுவில் போடுங்கள். பிரௌசரில் அதே கணினியின் 631 எண் போர்ட்டைத் திறந்தால் கப்ஸ் நிர்வாகப் பக்கம் வரும். பிரிண்டர்களைப் பகிர்வதற்கான தெரிவை முதலில் இயக்கி, பிறகு யுஎஸ்பி பிரிண்டரைச் சேர்த்து, அதன் வரிசைக்கு இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல்லைப் பெயராகக் கொடுங்கள். விண்டோஸில் பிரிண்டரைக் கையால் சேர்க்கும் சன்னலில், பகிர்ந்த பிரிண்டரின் முகவரி கேட்கும் இடத்தில், எச்டிடிபி என்று தொடங்கி லினக்ஸ் கணினியின் ஐபி, முக்காற்புள்ளி, 631, சாய்கோடு, ‘பிரிண்டர்ஸ்’, சாய்கோடு, வரிசையின் பெயர் என்று தட்டினால் அது ஐபிபி பிரிண்டராக வந்து நிற்கும்.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. எச்பி மாடல்கள் சிலவற்றுக்கு எச்பிஎல்ஐபியின் தனிச் செருகல் தேவை. அதை முதல் முறை இறக்க இணைய இணைப்பு வேண்டும். கேனானின் கேப்ட் டிரைவர் இன்டெல் வகைச் செயலிக்கெனத் தொகுக்கப்பட்டது. அதனால் ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் பலகையை வாங்கிவிட்டு அதில் ஏற்ற முயன்றால் ஏறாது. அங்கே பழைய மேசைக் கணினியே சரி.

ஸ்கேனருக்கு மென்பொருளைத் தொடும் முன் கவிழ்த்துப் பாருங்கள். தட்டை ஸ்கேனர்கள் பலவற்றின் அடியிலோ பக்கவாட்டிலோ பூட்டுப் படம் போட்ட சிறு நகர்த்தி இருக்கும். இடம் மாற்றும்போது யாரோ பூட்டியிருப்பார்கள். பூட்டிய ஸ்கேனர் கரகரவென்று ஒலித்து நின்றுவிடும். புதிய கணினியோடு அது முதன்முதலாக இணைக்கப்படும் நாளும் அதுவே என்பதால் பழி விண்டோஸின் மேல் விழும். அடுத்து மின்சாரம். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனரை விசைப்பலகையிலோ மானிட்டரிலோ இருக்கும் துணை போர்ட்டில் செருகக் கூடாது, யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லியாம்பியர் முழுவதும் அதற்குத் தேவைப்படலாம். மறுபுறம், பழைய ஸ்கேனர் சில யுஎஸ்பி 3 போர்ட்டில் தடுமாறும். நடுவில் தனி மின்சாரம் உள்ள ஒரு யுஎஸ்பி 2.0 ஹப் வைத்துப் பாருங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

டிரைவர் ஏறி, டிவைஸ் மேனேஜரிலும் குறை எதுவும் இல்லாமல், மென்பொருளின் பட்டியலில் மட்டும் ஸ்கேனர் தென்படாமல் இருக்கும். இது ட்வைன் (ஸ்கேனரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் இடைமுகம்) பிட் கணக்கு. 32 பிட் ட்வைன் டிரைவர் 32 பிட் மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ட்வைன்_32’, ‘ட்வைன்_64’ என்று இரண்டு உண்டு. ஸ்கேனரின் கோப்புகள் முதலாவதில் மட்டும் இருந்தால், உங்கள் ஸ்கேன் மென்பொருளின் 32 பிட் பதிப்பை நிறுவுங்கள், அல்லது இலவசமாகக் கிடைக்கும் நாப்ஸ்2 என்ற ஸ்கேன் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் டிரைவரே இல்லாத ஸ்கேனருக்கு வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருளை முதலில் அதன் சோதனைப் பதிப்பில் முயன்று பார்க்கலாம். பல ஸ்கேனர்களுக்கு அது தன் சொந்த டிரைவரோடு வருகிறது. இன்னொரு வழி, மேலே சொன்ன அதே லினக்ஸ் கணினி. அங்கே சேன் என்ற ஸ்கேனர் டிரைவர் தொகுப்பு கேனான் லைட் 20, 25, 30 மாடல்களை ‘பிளஸ்டெக்’ பகுதியாலும், லைட் 35 முதல் 60, 100, 110, 200, 210 மாடல்களை ‘ஜெனிசிஸ்’ பகுதியாலும் இயக்குகிறது. அதன்மேல் ஏர்சேன் என்ற சிறு நிரலை நிறுவினால், யுஎஸ்பி ஸ்கேனர் வலைப்பின்னல் ஸ்கேனராகவே மற்றக் கணினிகளுக்குத் தெரியும்.

நகலெடுக்கும் பெரிய இயந்திரத்தில் ஸ்கேன் செய்தால் கணினியின் ஃபோல்டருக்கு நேரே வந்து விழும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2-க்கு மாறிய அன்று அது நிற்கும். ப்ரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில் எஸ்எம்பி (ஃபோல்டர்களை வலைப்பின்னலில் பகிரும் நெறிமுறை) கையொப்பம் இப்போது கட்டாயம்; கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு கையொப்பமிட முடியாது, ஆகவே நிராகரிக்கப்படும். அந்தக் கணினியில் ஸ்கேனுக்கென்றே கடவுச்சொல்லோடு தனிப் பயனரை உருவாக்கி, ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். இயந்திரத்தின் முகவரிப் புத்தகத்தில் கணினியின் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர் என்ற வடிவில் எழுதுங்கள். விண்டோஸில் நுழையத் தட்டும் ‘பின்’ எண்ணைக் கடவுச்சொல் என்று நினைத்துக் கொடுப்பது இங்கே நடக்கும் பெரிய தவறு. பின் எண் வலைப்பின்னலில் செல்லாது. கணினியின் வலைப்பின்னல் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். இயந்திரத்தின் அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3 இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும் என்றால், விண்டோஸில் அதைத் திரும்ப உயிர்ப்பிக்காதீர்கள். 2017 முதல் அது இயல்பாக நிறுவப்படாமல் இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. உள் வலைப்பின்னலுக்குள் மட்டும் திறந்த எஃப்டிபி ஃபோல்டரை லினக்ஸ் கணினியில் வைத்து அங்கே அனுப்பச் சொல்லுங்கள்.

சீரியல் போர்ட் கருவிகள்: எடை இயந்திரம், ரசீது பிரிண்டர், ஆய்வகக் கருவி. இவற்றில் சிக்கல் பெரும்பாலும் நடுவிலுள்ள யுஎஸ்பி மாற்றுக் கேபிளில்தான். ப்ரோலிஃபிக்கின் பிஎல்2303 வகைச் சிப்பின் பழைய பதிப்புகளைப் புதிய டிரைவர் வேண்டுமென்றே மறுக்கிறது. டிவைஸ் மேனேஜரில் கருவியின் பெயருக்குப் பதில் ‘2012 முதல் நிறுத்தப்பட்டது’ என்ற வாசகமே வந்து நிற்கும், அல்லது கோட் 10 வரும். டிரைவரைப் புதுப்பிக்கும் சன்னலில் ‘பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன்’ என்ற வழியில் போய்ப் பழைய பதிப்பைத் தேர்ந்தால் ஓடும். விண்டோஸ் அப்டேட் மறுபடி புதியதைப் போட்டுவிடக்கூடும் என்பதால், எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ள வேறு கேபிளை வாங்கிவிடுவதே நிம்மதி. எஃப்டிடிஐ வாங்கும்போது போலிகளைத் தவிருங்கள். 2014 அக்டோபரில் வந்த ஒரு டிரைவர், போலிச் சிப்புகளின் பிஐடியைச் சுழியமாக்கிச் செயலிழக்கச் செய்தது பரவலாகப் பேசப்பட்டது. கேபிள் சரியான பிறகும் பழைய மென்பொருள் கருவியைக் காணாவிட்டால் போர்ட் எண்ணைப் பாருங்கள். காம் 1 முதல் 4 வரை மட்டுமே அறிந்த மென்பொருளுக்குக் காம் 11 தெரியாது. போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணைக் குறையுங்கள். எடை விட்டுவிட்டு வந்தால் அதே இடத்தில் எஃப்டிடிஐயின் ‘லேட்டன்சி டைமர்’ 16 மில்லிநொடியாக இருக்கும். அதை 1 ஆக்குங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகமும் பாரிட்டியும் (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) பொருந்தவில்லை. கருவியின் கையேட்டில் உள்ளபடி, உதாரணமாக 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட் என்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாரலல் போர்ட்டில் ஓடிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை யுஎஸ்பி மாற்றுக் கேபிளில் இணைத்தால் கணினியில் உருவாவது எல்பிடி1 (பாரலல் போர்ட்டின் வழக்கமான பெயர்) அல்ல, யுஎஸ்பி001 என்ற போர்ட். எல்பிடி1-க்கு மட்டுமே அச்சிடத் தெரிந்த பழைய மென்பொருளுக்கு, பிரிண்டரைப் பகிர்ந்துவிட்டு, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுக்குத் திருப்பிவிடுங்கள். ‘ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவர் எண்ணும் ஆங்கிலமும் உள்ள ரசீதுக்குச் சரி. தமிழ் எழுத்து அதில் வராது, அதற்கு வரைகலையாக அச்சிடும் டிரைவர் வேண்டும். பாரலல் போர்ட்டில் செருகும் மென்பொருள் பூட்டுச்சாவிகளுக்கு இந்தக் கேபிள்கள் உதவாது, ஏனெனில் அந்தச் சாவிகள் போர்ட்டின் முகவரியை நேரே தொட்டுப் பேசுபவை.

எந்த வழியும் பலிக்காத, 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள கருவிக்குக் கடைசி வழி மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸில் உரிமம் உள்ள பழைய விண்டோஸை நிறுவி, யுஎஸ்பி வடிகட்டியில் அந்தக் கருவியின் விஐடி, பிஐடியைக் கொடுங்கள். எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-இலும் யுஎஸ்பி 3 கட்டுப்படுத்திக்கு உள்ளமைந்த டிரைவர் இல்லை. ஆகவே அமைப்பில் யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் வலைப்பின்னல் அட்டையை அணைத்துவிடுங்கள். கோப்புகள் ஒரு பகிர்ந்த ஃபோல்டர் வழியாக மட்டும் வெளியே வரட்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, கழித்தே ஆகவேண்டியவையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2025 அக்டோபர் புதுப்பிப்பில், விண்டோஸோடு பல ஆண்டுகளாக வந்த அகேர் மோடம் டிரைவரை மைக்ரோசாஃப்ட் நீக்கியது. அதில் இருந்த ஓட்டையைத் தாக்குபவர்கள் பயன்படுத்தினார்கள் என்பதே காரணம். அந்த டிரைவரை நம்பிய ஃபேக்ஸ் மோடத்தை எங்கிருந்தாவது டிரைவர் தேடி மீட்காதீர்கள். அதேபோல் ஆர்ம் செயலியுள்ள விண்டோஸ் கணினிகளை வாங்கப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: சாதாரண மென்பொருளுக்கு உள்ள மாற்று ஏற்பாடு டிரைவருக்கு இல்லை; இன்டெல் டிரைவர் எதுவும் அங்கே ஏறாது. மேக் பக்கம், 2019-இன் கேட்டலினாவோடு 32 பிட் ஸ்கேன் மென்பொருள்கள் நின்றுவிட்டன. ஐபிபி, ஈஎஸ்சிஎல் (தனி டிரைவர் இல்லாமல் ஸ்கேன் செய்யும் நெறிமுறை) பேசும் கருவிகளுக்கும், லினக்ஸ் கணினி வழியாகப் பேசும் கருவிகளுக்கும் இந்தத் தொல்லைகள் இல்லை. அடுத்த கொள்முதல் ஆணையில் ‘ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட், ஸ்கேனருக்கு ஈஎஸ்சிஎல், கேமராவுக்கு யுவிசி’ என்று ஒரு வரி சேருங்கள்; இவை எல்லாம் தனி டிரைவர் கேட்காத பொது முறைகள். டிரைவர் நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் பொருளோடு ஒப்படைக்க வேண்டும் என்று இன்னொரு வரியும்.

இனி எங்கள் வேண்டுகோள். கழிவுப் பட்டியலில் ‘புதிய விண்டோஸில் வேலை செய்யவில்லை’ என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். அந்தக் கட்டத்தில் விஐடி, பிஐடி, டிவைஸ் மேனேஜர் காட்டிய கோட் எண், 64 பிட் டிரைவர் தேடிய விவரம், வேறு கேபிளிலும் வேறு போர்ட்டிலும் செருகிப் பார்த்த தேதி ஆகியவை இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். பழைய கணினிகளில் ஒன்றை, இணையத்திலிருந்து துண்டித்து, கடைசிக் கருவி சோதிக்கப்படும் வரை அழிக்காமல் வையுங்கள். இப்போதே ஒருவரை அறைக்கு அனுப்பி, ஒவ்வொரு ஸ்கேனரின் அடாப்டரையும் யுஎஸ்பி கேபிளையும் அந்தந்த ஸ்கேனரோடு கட்டி, வோல்ட் எண்ணை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடாப்டர்களை எல்லாம் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டால், 12 வோல்ட் எது, 24 வோல்ட் எது என்று தெரியாமல் யாரோ ஒருவர் தவறானதைச் செருகுவார். அதன்பின் அந்தக் கருவியை எங்களாலும் மீட்க முடியாது.

இப்படிக்கு,
பழைய கணினிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியாளர்கள்